நின்றுகொண்டே வைத்தியம் பார்த்தவர்

டாக்டரின் கிளினிக்கில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஒன்று நோயாளிக்கு. மற்றது கூட வந்தவருக்கு. டாக்டருக்கு நாற்காலி கிடையாது. மேசை ஓரத்தில் இடுப்பைச் சாய்த்து நின்றபடி பார்ப்பார். கடைசி ஆள் போகும்வரை அப்படித்தான்.

ஈப்போவில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளம் அது. நானும் என் மனைவி சரசுவும் முதல்முறை போனபோது உட்காரவில்லை. பழக்கம் இல்லை. நாங்கள் சுங்காய் ஊருக்கு உள்ளே, ரப்பர் மரம் நிறைந்த ஒரு கித்தா தோட்டத்தில் பிறந்தவர்கள். ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி முன்னால் நின்றோம். வேலை வாங்குகிற மண்டோர் முன்னால் நின்றோம். துரையின் கார், எங்கள் பேச்சில் காடி, வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நின்றோம். வெள்ளைக்காரன் போய் நம்ம ஆளே மேனேஜராக வந்தான். அவனையும் துரை என்றோம். அவனுக்கும் நின்றோம்.

"இருங்கோ," என்றார் டாக்டர். உட்காருங்கள் என்பதை அவர் அப்படித்தான் சொல்வார். சிலோன் தமிழ்க் குடும்பத்துப் பெண்மணி. நல்ல உயரம். காலில் ஆண்கள் போடுகிற செருப்பு.

"பரவால்ல டாக்டர்," என்றேன்.

"நீங்கள் நிண்டா உங்கட மனுசியின்ர நெஞ்சுச் சத்தம் எனக்குக் கேக்காது."

அது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. உட்கார்ந்துவிட்டேன். வெளியே வந்ததும் சரசு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"நீங்க நின்னா என் நெஞ்சு ஏன் கேக்காம போகுது? உங்கள உக்கார வைக்கச் சொன்னதுலா அது."

பிறகு ஒருநாள் நானே கேட்டேன், எல்லாரையும் ஏன் உட்காரச் சொல்கிறீர்கள் என்று. டாக்டர் யோசிக்காமல் சொன்னார்.

"நிக்கிற ஆளுக்குப் போற அவசரம். பாதி வருத்தத்தைத்தான் சொல்லும். இருந்த ஆள் மிச்சத்தையும் சொல்லும்."

வருத்தம் என்றால் அவர் பேச்சில் நோய்.

முதல்முறை போன அன்று சரசு மிச்சத்தையும் சொன்னாள். அவளுக்குக் கை நகங்கள் கறுத்து இரண்டு விழுந்திருந்தன. டாக்டர் இரண்டு கையையும் வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"என்ன வேலை?"

"தோட்டத்துல மருந்தடிக்கிறேன். புல்லுக்கு."

"கைக்கு உறை தாறேல்லையோ?"

"கேட்டா, கை கழுவத் தண்ணி இருக்குல்லன்னு சொல்றாங்க."

"இந்த வேலையை விட்டா நகம் திரும்ப வளரும்."

"விட்டா வீட்டை விட்டுப் போகச் சொல்லிருவாங்க டாக்டர்."

அதுதான் உண்மை. தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடு கம்பெனியுடையது. வேலை செய்கிறவரை வீடு. எனக்கு அப்போது முதுகு போய்விட்டது. ரப்பர் பால்வாளி தூக்க முடியாது. சரசு பேரில்தான் வீடு நின்றது.

டாக்டர் களிம்பு கொடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய பழைய வெள்ளைக் காடி எங்கள் லயத்துக்கு முன்னால் வந்து நின்றது. இறங்கி வந்து, மருந்தடிக்கிற பெண்கள் எல்லாரையும் கூப்பிடச் சொன்னார். ஒவ்வொருத்தர் கையையும் பார்த்தார். பார்த்து முடித்துச் சொன்னார்.

"நான் களிம்பு தந்து அதே வேலைக்கு அனுப்புறன். அதே கை திரும்பி வருது. இது வைத்தியம் இல்லை."

அவர் எப்படித் தொழிற்சங்கத் தலைவர் ஆனார் என்று பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். படித்த புத்தகம் என்கிறார்கள். கொள்கை என்கிறார்கள். இருக்கலாம். எனக்குத் தெரிந்தது இதுதான். கை பார்க்க வந்தார். பிறகு ஞாயிறுதோறும் வந்தார். பிறகு மற்றத் தோட்டங்களுக்கும் போனார். சங்கத்தில் சேர்ந்தார். சங்கத்துக்கு ஒரு தலைவர் வேண்டியிருந்தபோது வேறு யாரும் முன்னால் வரவில்லை.

அவருக்குப் பெயர் நினைவில் நிற்காது. அது ஒரு குறை. ஆளை உடம்பை வைத்துத்தான் அடையாளம் வைத்திருப்பார். என்னை "முதுகு" என்பார். கடைசி வீட்டு முத்தையா "சுகர்". லயத்திலேயே வாய் அதிகமான வீராயி அக்கா "இடது காது". கூட்டத்தில் நின்றுகொண்டு, "இடது காது, நீங்கள் சொல்லுங்கோ" என்பார். வெளியூர் ஆள் யாராவது வந்திருந்தால் முழிப்பார்கள்.

வீராயி அக்கா ஒருநாள் கேட்டேவிட்டார். "எனக்கு அம்மா அப்பா வச்ச பேரு ஒண்ணு இருக்கு டாக்டர். காது நல்லாயிருச்சின்னா என்னான்னு கூப்பிடுவீங்க?"

"நல்லாகட்டும். பிறகு பாப்பம்."

லயமே சிரித்தது. காது நல்லாகவே இல்லை. கடைசிவரை இடது காதுதான்.

அவர் தம்பியும் டாக்டர். கோலாலம்பூரில் பெரிய ஸ்பெஷலிஸ்ட். ஒருமுறை கிளினிக்குக்கு வந்திருந்தார். நான் முதுகுக்கு மருந்து வாங்கப் போயிருந்தேன். தம்பிக்கு மடிப்புக் கலையாத சட்டை. நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். "அக்கா, நீ டாக்டருக்குப் படிச்சது கொடி பிடிக்கவோ?"

டாக்டர், "கையைக் காட்டு," என்றார். தம்பி காட்டினார். டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல நகம்," என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இனிமையான ஆள் என்று சொல்ல மாட்டேன். குடித்துவிட்டு வருகிற ஆண்களைப் பெண்டாட்டி பிள்ளை முன்னால் வைத்துத் திட்டுவார். மாத்திரை சாப்பிடாமல் வந்தால் வாசலிலேயே நிறுத்தி விரட்டுவார். சரசுவே இரண்டு தடவை அழுதிருக்கிறாள். ஆனால் முத்தையா செத்த அன்று, ஈப்போவிலிருந்து வந்து பெண்களோடு தரையில் உட்கார்ந்தவர், பிணம் எடுக்கும்வரை எழுந்திருக்கவில்லை. கிளினிக் பூட்டிக் கிடந்தது. யாரோ தேத்தண்ணி கொடுத்தார்கள். வாங்கிப் பக்கத்திலிருந்த முத்தையா மனைவிக்குக் கொடுத்துக் குடிக்க வைத்தார்.

கையுறைக்காக நாங்கள் ஆபீசுக்குப் போனதைச் சொல்ல வேண்டும்.

தோட்டத்து ஆபீசில் எங்களுக்கு ஒரு ஜன்னல் மட்டும்தான். சம்பளமோ புகாரோ, ஜன்னலுக்கு வெளியே வெயிலில் நின்று வாங்க வேண்டும். டாக்டர் அன்று கோயில் நாற்காலிகளை லாரியில் ஏற்றிவரச் சொன்னார். கல்யாணத்துக்குப் போடுகிற பிளாஸ்டிக் நாற்காலி. ஜன்னலுக்கு முன்னால் வரிசையாகப் போட வைத்தார். மருந்தடிக்கிற பெண்களை உட்கார வைத்தார். தான் பக்கத்தில் நின்றார்.

கிராணி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். அந்தக் கிராணிக்கு லயமே பயப்படும். "என்ன இது? இங்க கல்யாணமா நடக்குது?"

"ஆமா கிராணி," என்றார் வீராயி அக்கா. "உங்களுக்குத்தான் பொண்ணு பாக்க வந்திருக்கோம். வரிசையா உக்காந்திருக்கோம், புடிச்சதைச் சொல்லுங்க."

கிராணி ஜன்னலைச் சாத்தினார். பெண்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். மத்தியானம் மேனேஜர் காடி வந்தது. அவ்வளவு நேரம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த பெண்கள், காடிக் கதவு திறந்த சத்தம் கேட்டதும் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். டாக்டர் அதைப் பார்த்தார். முகம் சுருங்கியது.

கையுறை கிடைத்தது. முகமூடியும் கிடைத்தது. ஆனால் டாக்டர் அன்று காடியில் ஏறும்போது என்னிடம், "முதுகு, அவன் வரேக்க ஏன் எழும்பினவை?" என்று கேட்டார். யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. கால் தானாக எழுந்தது.

பிறகு தோட்டம் விலைபோனது. வீடு கட்டி விற்கிற கம்பெனி ஒன்று வாங்கியது. மரத்தை வெட்டினார்கள். லயத்தையும் பழைய மேனேஜரையும் மட்டும் விட்டு வைத்திருந்தார்கள். எங்கள் கேட்பு ஒன்றுதான். மூன்று தலைமுறை உழைத்த மண்ணில், ஓரத்தில், ஆளுக்கொரு வீடு கட்டிக் கொடுங்கள். கம்பெனி சொன்னது: கையில் கொஞ்சம் தருகிறோம், வாங்கிக்கொண்டு போய்விடுங்கள். அதை வைத்துக்கொண்டு ஈப்போவில் ஒரு அறைக்கு வாடகை கூடக் கொஞ்ச காலம்தான் தாங்கும். பிறகு எங்கே போவது? சரசு ராத்திரி தூங்கமாட்டாள். கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள்.

பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே தெலுக் இந்தான் பக்கம் வேறொரு தோட்டத்தில் லயத்தை இடிக்க மிஷின் வந்தது. டாக்டர் அங்கே போய் மிஷினுக்கு முன்னால் நின்றார். போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. லாக்கப்பில் இருந்தபோது ஒரு போலீஸ்காரர் தனக்குத் தலை சுற்றுகிறது, பிரஷர் பார்க்க முடியுமா என்று கேட்டாராம். டாக்டர் பிறகு சொல்லிச் சிரித்தார். "இருங்கோ எண்டன். இருந்தார். கம்பிக்கு உள்ள இருந்து நான் உத்தரவு போட்டன்."

ஆனால் அந்தத் தோட்டம் போனது. லயம் மண்ணானது. ஜனங்கள் சிதறிப்போனார்கள். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

அவர் உள்ளே இருந்த அந்த நாளில்தான் மேனேஜர் எங்களைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார். தோட்டத்து மண்டபத்தில் பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். மேனேஜர் வந்தார். கூடவே கம்பெனி வக்கீல், படம் பிடிக்க ஒரு ஆள். மேனேஜர் வாசற்படி ஏறியதும் எழுந்து நின்றோம். எல்லாரும்.

அவர் எங்களை உட்காரச் சொல்லவில்லை. நின்றபடி சொன்னார்.

"கம்பெனி குடுக்குறதை வாங்கிக்கிட்டு வீட்டைக் காலி பண்ண சம்மதம்னா நில்லுங்க. சம்மதம் இல்லாதவங்க உக்காருங்க."

யாரும் உட்காரவில்லை. துரை நிற்கும்போது எப்படி உட்காருவது? ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். வீராயி அக்கா பெஞ்சைக் கையால் பிடித்துக்கொண்டார். முழங்கால் பாதி மடங்கியது. பிறகு நிமிர்ந்துவிட்டது. படம் பிடிக்கிற ஆள் படம் பிடித்தான். மேனேஜர், "ரொம்ப நன்றி," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

அவர் காடி போன பிறகுதான் உட்கார்ந்தோம். உட்கார்ந்த பிறகுதான் என்ன நடந்தது என்று புரிந்தது.

"அடப்பாவி," என்றார் வீராயி அக்கா. "வீட்டை நின்னுகிட்டே குடுத்துட்டோம்லா."

டாக்டர் வெளியே வந்ததும் நேரே லயத்துக்கு வந்தார். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னோம். திட்டு விழும் என்று காத்திருந்தோம். அவர் முழுதும் கேட்டார். சரசு அழுதாள்.

"வெக்கப்பட ஒண்டும் இல்லை," என்றார். "இது ஒரு வருத்தம். உங்கட பாட்டனுக்கு வந்தது. முழங்காலில தங்கியிருக்கு. பழக்கித்தான் மாத்த வேணும்."

அவர் சொன்னால் செய்வார். அந்த வாரமே பழக்கம் தொடங்கியது. ஈப்போ கிளினிக்கைச் சீக்கிரம் அடைத்துவிட்டு மாலையில் வருவார். மண்டபத்தில் எல்லாரும் உட்கார வேண்டும். ஒருத்தர் மேனேஜர் மாதிரி உள்ளே வர வேண்டும். யாரும் எழுந்திருக்கக் கூடாது.

முதலில் என்னைத்தான் மேனேஜராக்கினார். ஒரு தொப்பியை மாட்டிக்கொண்டு வந்தேன். ஒருத்தரும் அசையவில்லை.

"உன் மூஞ்சிக்கு நான் எதுக்குலா எந்திரிக்கணும்?" என்றார் வீராயி அக்கா. "நேத்துதான் எங்கிட்ட உப்பு கடன் கேட்டுக்கிட்டு நின்ன."

அது வேலைக்கு ஆகவில்லை. பிறகு டாக்டருக்கு ஒரு யோசனை வந்தது. பழைய கிராணியைக் கூட்டிவந்தார். அதே கிராணி, ஜன்னலைச் சாத்தினவர். அவர் ஓய்வு பெற்று வருஷமாகிவிட்டது. அவருக்கும் கம்பெனி வீடுதான். அதுவும் போகத்தான் போகிறது. கைலியோடு, தடி ஊன்றி, இருமிக்கொண்டு வாசலில் வந்தார்.

மண்டபமே எழுந்து நின்றது.

கிராணிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா டாக்டர்," என்றார். "இன்னும் மறக்கல."

"வெளியில போய்த் திரும்ப வாங்கோ," என்றார் டாக்டர்.

போனார், வந்தார். போனார், வந்தார். மாலை முழுதும். மூச்சு வாங்கியது அவருக்கு. நாலைந்து மாலைக்குப் பிறகு பாதிப் பேர் உட்கார்ந்திருந்தோம். பிறகு கிழவர்கள் இரண்டு பேர் மட்டும் எழுந்தார்கள். கடைசியில் ஒருநாள் ஒருத்தரும் எழவில்லை. கிராணி நடுவில் நின்று சுற்றிப் பார்த்தார்.

"ஒரு ஆளாவது எந்திரிங்கய்யா. ஒரு மாதிரியா இருக்குலா."

"கிராணி, நீங்களும் வந்து உக்காருங்க," என்று சரசு நகர்ந்து இடம் கொடுத்தாள். அவர் கொஞ்சம் தயங்கினார். உட்கார்ந்தார். அவர் எங்களோடு உட்கார்ந்தது அதுதான் முதல்முறை.

சங்கம் கொடுத்த புகாரின்பேரில் நடந்த லேபர் ஆபீஸ் விசாரணைக்கு முந்தின நாள் மாலை சங்கத்து வக்கீல் லயத்துக்கு வந்தார். இளம் பையன். கெட்டிக்காரன். கம்பெனி அந்தப் படத்தைத்தான் காட்டப் போகிறது என்றார். எல்லாரும் நிற்கிற படம். எல்லாரும் சம்மதித்தார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. அதை உடைக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது.

"நாளைக்கு மேனேஜர் உள்ள வரும்போது எல்லாரும் எந்திரிங்க. எப்பவும் எந்திரிக்கிற மாதிரி. ஆபீசர் கண்ணால பாக்கட்டும். இவங்க சம்மதத்துக்கு நிக்கல, பழக்கத்துல நிக்கிறாங்கன்னு நான் சொல்லிடுறேன். படம் செத்துப்போகும். வீடு பொழைக்கும்."

சொன்னது சரிதான். எங்களுக்கே அது சரி என்று பட்டது. இத்தனை நாள் உட்காரப் பழகினோம். இப்போது வீட்டுக்காக எழுந்திருக்க வேண்டும்.

எல்லாரும் டாக்டரைப் பார்த்தோம். அவர் தூணில் சாய்ந்து நின்றிருந்தார். முகத்தில் ரத்தம் இல்லை.

"நல்ல வழிதான்," என்றார். குரல் மட்டும் வேறு மாதிரி இருந்தது.

"நீங்க சொல்லுங்க டாக்டர்," என்றேன். "எந்திரிக்கவா, வேணாமா?"

"நான் சொல்ல மாட்டன்."

"இத்தன நாள் சொன்னீங்கள்ல?"

"நான் உங்கட டாக்டர். உங்கட துரை இல்லை."

சொல்லிவிட்டு வெளியே போய்க் காடியில் ஏறிவிட்டார். எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. தெரிந்தவர் சொல்லாமல் போகலாமா? தெலுக் இந்தான் பக்கம் போன தோட்டத்தின் நினைவு அவருக்கு இருந்திருக்கும். அதை அப்போது நான் யோசிக்கவில்லை.

வீராயி அக்காதான் முடிவு சொன்னார். "வீடுதான் முக்கியம். எந்திரிப்போம். இத்தன வருஷம் சும்மா எந்திரிச்சோம், நாளைக்கு ஒரு தடவை வீட்டுக்காக எந்திரிச்சா முட்டி தேஞ்சா போகும்?"

சரி என்று கலைந்தோம்.

ஈப்போவில் லேபர் ஆபீஸ். சின்ன அறை. ஏர்கோன் குளிர். ஆபீசர் மலாய்க்காரர், வயதானவர், பொறுமையாகப் பேசினார். எங்களைப் பசியாறிவிட்டு வந்தீர்களா என்று கேட்டார். நாற்காலி போதாமல் பெஞ்சு கொண்டுவந்து போடச் சொன்னார். உட்கார்ந்தோம். கிராணியும் வந்திருந்தார். டாக்டர் சுவரோரம் நின்றார். எங்களைப் பார்க்கவில்லை.

கம்பெனி வக்கீல் படத்தை எடுத்து ஆபீசர் மேசைமேல் வைத்தார். எல்லாரும் சம்மதித்து எழுந்து நிற்கிறார்கள், பாருங்கள் என்றார். ஆபீசர் வெகுநேரம் பார்த்தார். மேனேஜரைக் கூப்பிடுங்கள் என்றார்.

கதவு திறந்தது. மேனேஜர் வந்தார்.

என் கால் எழுந்தது. பெஞ்சு கிறீச்சிட்டது. பக்கத்தில் வீராயி அக்காவைப் பார்த்தேன். எழுந்திருப்போம் என்று சொன்ன மனுஷி. சுவரைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். சரசுவைப் பார்த்தேன். அவளும் உட்கார்ந்திருந்தாள். கறுப்பு இன்னும் போகாத நகங்களை மடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். நான் உட்கார்ந்துவிட்டேன். கிராணி தடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். வேறு ஒருத்தர்கூட எழவில்லை.

எங்கள் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். வீடு போய்விட்டது என்று நினைத்தேன்.

மேனேஜர் அறை நடுவில் நின்றார். எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். முகம் சிவந்துபோனது.

"என்ன, ஒருத்தனுக்கும் எந்திரிக்கத் தெரியாதா?" என்றார் தமிழில். "ஆபீசுக்கு வந்தா மரியாதை மறந்துருமா?"

என்ன சொல்கிறார் என்று ஆபீசர் கேட்டார். மேனேஜரே கோபமாக மலாயில் சொன்னார். இவர்களுக்கு மரியாதை தெரியவில்லை. இத்தனை வருஷம் நான் வந்தால் எழுந்து நிற்பார்கள். ரப்பர் காட்டிலும் நிற்பார்கள், லயத்திலும் நிற்பார்கள். இன்று இந்த அம்மா பேச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

கம்பெனி வக்கீல் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். அவர் கவனிக்கவில்லை.

ஆபீசர் படத்தைக் கையில் எடுத்தார்.

"செலாலு?" என்று கேட்டார். எப்போதுமா என்று அர்த்தம். "நீங்கள் வந்தால் எப்போதும் எழுந்து நிற்பார்களா?"

"செலாலு!" என்றார் மேனேஜர்.

"அப்படியானால் இந்தப் படத்தில் இவர்கள் எதற்காக நிற்கிறார்கள்?"

மேனேஜர் தன் வக்கீலைத் திரும்பிப் பார்த்தார். கம்பெனி வக்கீல் தன் காகிதங்களை அடுக்கத் தொடங்கினார். அவ்வளவு குளிரிலும் அவருக்கு வியர்த்திருந்தது.

ஆபீசர் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இது செல்லாது, இவர்கள் யாரும் சம்மதிக்கவில்லை, வீட்டைப் பற்றி முதலிலிருந்து பேசுங்கள் என்றார்.

அதற்குப் பிறகும் இழுத்தது. பேச்சு, ஒத்திவைப்பு, திரும்பப் பேச்சு. கிராணி இடையில் இறந்துபோனார். கடைசியில் கம்பெனி இறங்கி வந்தது. பழைய பால் ஸ்டோர் இருந்த பக்கம் வரிசை வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். அதில் ஒன்றில் நானும் சரசுவும் இருக்கிறோம். ஒருத்தரும் இனி எங்களை எழுப்ப முடியாது. டாக்டர் இப்போது இல்லை. போன மழைக்காலத்தில் போய்விட்டார். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் வீட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு அதைவிட அன்றைக்கு ஆபீசுக்கு வெளியே நடந்தது முக்கியம்.

வெளியே வந்ததும் எல்லாரும் சிரிப்பும் சத்தமுமாக இருந்தோம். வக்கீல் வீராயி அக்காவைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்கா எந்திரிக்கல? சொல்லி வச்சிருந்தோம்ல?"

"எந்திரிக்கத்தான் இருந்தேன் தம்பி. அவன் உள்ள வந்து எங்கள ஒரு பார்வை பார்த்தான் பாரு. எந்திரிப்பாளுகன்னு எதிர்பார்த்துக்கிட்டு. மனசு வரல."

டாக்டரைக் காணவில்லை. தேடினேன். மாடிப்படிக்குப் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வாந்தி எடுத்திருந்தார். அவ்வளவு உயரமான ஆள் கூனிப்போயிருந்தார். வீராயி அக்காவும் என் பின்னாலேயே வந்துவிட்டார். சேலைத் தலைப்பால் டாக்டர் வாயைத் துடைத்துவிட்டார். டாக்டர் தடுக்கவில்லை.

"பிழையாப் போயிருந்தா என்ன செய்திருப்பன்?" என்றார். "ஒருத்தரும் எழும்பேல்ல எண்டு பாத்த உடனே எனக்குச் சந்தோசம் வந்தது. அடுத்த நிமிசம் வீடு போச்சு எண்டு விளங்கினது. நேற்று எழும்புங்கோ எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல ஏலாமல் போச்சு. என்ர பிடிவாதத்துக்கு உங்கட வீட்டை வச்சு விளையாடிப்போட்டன்."

வீராயி அக்கா தலைப்பை உதறிச் செருகிக்கொண்டார்.

"வீடு எங்களுது டாக்டர். விளையாடினது நாங்க. நீங்க சும்மா சுவத்தோரம் நின்னுகிட்டுதான் இருந்தீங்க."

டாக்டர் அவரைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். இல்லை.

"ஓம்," என்றார். "அது சரிதான்."

பிறகு முகம் கழுவிக்கொண்டு கிளினிக் திறக்கப் போனார்.